வால்வு ஆம்ப்ளிபயரும் எலெக்ட்ரிக் கிடாரும்: ஒரு செய்முறைப் பாடம்

(கட்டுரையாளர்: இரண்டாம் ஆண்டு மாணவர், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் ரோபோ, செயற்கைக்கோள், சூரிய மின்சக்தி என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எடுத்திருப்பது நம் லேபில் நாம் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காத ஒரு பழைய சங்கதி. அதுதான் வால்வு. "இதெல்லாம் எங்க தாத்தா காலத்து ரேடியோவில் இருந்ததுப்பா" என்று சிரிக்காதீர்கள். உலகம் முழுக்க எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவர்கள் இன்றும் அதைக் கைவிடவில்லை. ஏன் விடவில்லை, அதை எப்படி இணைப்பது, எப்படி இயக்குவது, எங்கே உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்பதுதான் இந்தப் பாடம்.

எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். என் அப்பா கப்பலூர் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றுகிறவர். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் படி ஏறிய முதல் ஆள் நான்தான். படிப்புச் செலவுக்காக மாலையிலும் லீவு நாளிலும் திருமங்கலம் பக்கம் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்க்கிறேன். அந்தக் கடைக்கு வாடிக்கையாக வரும் ஆர்க்கெஸ்ட்ரா கிடாரிஸ்ட் அண்ணன் ஒருவரிடம் 15 வாட் வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்று இருக்கிறது. "தம்பி, இதோட வந்த புக்கு பூரா இங்கிலீஷு. நீ படிக்கிற பையன், தமிழ்ல எழுதிக் குடுய்யா" என்றார். அவருக்காக எழுத ஆரம்பித்தது, நம் ஆசிரியர்களிடம் கேட்டு, லேபில் அளந்து பார்த்து, இப்போது உங்கள் கைக்கு வருகிறது.

1. கொஞ்சம் வரலாறு

1904-ல் இங்கிலாந்தில் பிளெமிங் டையோடு வால்வைச் செய்தார். 1906-ல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் அதற்குள் கிரிட் என்ற மூன்றாவது முனையைச் சேர்த்தார். சின்ன சிக்னல் பெரிய சிக்னல் ஆனது அதற்குப் பிறகுதான். 1947-ல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்ததும் வால்வு மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது. நம் நாட்டில் 1954-ல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஒரு காலத்தில் ரேடியோ வால்வுகள் தயாரித்தது. இன்று ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா போன்ற சில நாடுகளில்தான் தயாராகிறது. அதை வாங்குபவர்களில் பெரும்பங்கு கிடார்காரர்கள்.

அமெரிக்காவின் பெண்டர் கம்பெனி 1950-களில் 'பேஸ்மேன்' என்ற ஆம்ப்ளிபயரை விற்றது. லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-ல் அந்தச் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்துத் தன் முதல் ஆம்ப்ளிபயரைக் கொண்டு வந்தார். ராக் இசையின் சத்தம் இந்த இரண்டு பெட்டிகளிலிருந்து கிளம்பியது என்று சொன்னால் மிகையில்லை.

நம்ம பக்கத்துக்கும் கிடாருக்கும் உறவு உண்டு. அப்போதைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போன இளையராஜா, ஜி.கே.வெங்கடேஷின் குழுவில் கிடார் வாசித்தவர். 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு தமிழ்ப் பாட்டில் கிடாருக்குத் தனி இடம் கிடைத்தது. 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படப் பாடல்களை இன்றைக்கும் நம் ஊர்ப் பொங்கல் மேடையில் சீட்டு எழுதிக் கொடுத்துக் கேட்கிறார்கள். கிடார் இல்லாமல் அதைப் பாட முடியுமா?

2. உள்ளே என்ன நடக்கிறது?

பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வால்வு ஆம்ப்ளிபயரில் ஐந்து பகுதிகள்.

முதலாவது, பவர் சப்ளை. 230 வோல்ட்டை எடுத்து வால்வின் இழைக்கு 6.3 வோல்ட்டும், பிளேட்டுக்கு 250 முதல் 450 வோல்ட் டி.சி.யும் கொடுக்கிறது. நாம் லேபில் 5 வோல்ட், 12 வோல்ட்டோடு விளையாடுகிறவர்கள். இங்கே விளையாட்டு கிடையாது.

இரண்டாவது, ப்ரீ ஆம்ப்ளிபயர். கிடார் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் சுமார் 0.1 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். இங்கே பெரும்பாலும் இருக்கும் வால்வு இ.சி.சி.83. இதையே அமெரிக்கக் கணக்கில் 12 ஏ.எக்ஸ்.7 என்பார்கள். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள். இதன் பெருக்கு எண் 100. சர்க்யூட்டில் போட்டால் ஒரு கட்டத்துக்குச் சுமார் 60 மடங்கு கிடைக்கும். ஆக 0.1 வோல்ட், முதல் கட்டத்திலேயே 6 வோல்ட் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, டோன் பகுதி. பாஸ், மிடில், ட்ரெபிள் என்று மூன்று குமிழ்கள்.

நான்காவது, பவர் வால்வுகள். சின்னப் பெட்டியில் இ.எல்.84, பெரிய பெட்டியில் இ.எல்.34 அல்லது 6 எல் 6. இரண்டிரண்டாக புஷ்-புல் முறையில் வேலை செய்யும்.

ஐந்தாவது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர். இதைத்தான் நம் ஆட்கள் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். இரண்டு இ.எல்.84-க்குத் தேவைப்படும் சுமை சுமார் 8,000 ஓம். நம்மிடம் இருக்கும் ஸ்பீக்கர் 8 ஓம். இரண்டுக்கும் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்து வைப்பது டிரான்ஸ்பார்மர்தான். 8,000-ஐ 8-ஆல் வகுத்தால் 1,000. அதன் வர்க்கமூலம் 31.6. அதுதான் சுற்று விகிதம். 'இம்பீடன்ஸ் மேட்சிங்' என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தோமே, அது இங்கே கையில் தொட்டுப் பார்க்கும்படி இருக்கிறது.

சரி, வால்வின் சத்தம் ஏன் இனிமை? டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் தன் எல்லையைத் தொட்டதும் அலையின் தலையைக் கத்தியால் சீவியதுபோல் வெட்டிவிடுகிறது. வால்வு முதலில் மெல்ல அமுக்கி, பிறகுதான் வெட்டுகிறது. அதனால் மெதுவாக வாசித்தால் தெளிவாகவும், அழுத்தி வாசித்தால் கரகரப்பாகவும், விரலின் அழுத்தத்துக்கு ஏற்றபடி சத்தம் மாறுகிறது. "வால்வு என்றாலே இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ், அதனால்தான் இனிமை" என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒற்றை வால்வுக் கட்டத்தில் அப்படி வரும். புஷ்-புல் கட்டத்தில் உண்டாகும் இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் டிரான்ஸ்பார்மரிலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே ப்ரீ ஆம்ப்ளிபயரில் வரும் கரகரப்பு வேறு, பவர் வால்வில் வரும் கரகரப்பு வேறு. இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். எபெக்ட்ஸ் இணைக்கும்போது இதுதான் சாவி.

3. சுவிட்சைத் தொடும் முன்

(அ) முதலில் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்ளிபயரை ஆன் செய்யவே கூடாது. டிரான்சிஸ்டர் பெட்டியில் ஸ்பீக்கர் வயர் கழன்றால் பெரும்பாலும் சத்தம் நிற்கும், அவ்வளவுதான். வால்வுப் பெட்டியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள் சேர்ந்த சக்தி வெளியேற வழியில்லாமல், பிரைமரியில் சில ஆயிரம் வோல்ட் வரை எகிறி, உள்ளே இன்சுலேஷனைப் பொசுக்கிவிடும். டிரான்ஸ்பார்மர் போனால் பாதிப் பெட்டியின் விலை போச்சு. 8 ஓம் ஜாக்கில் 8 ஓம் ஸ்பீக்கர். இரண்டு 16 ஓம் ஸ்பீக்கரை இணையாகப் போட்டால் 8 ஓம். இரண்டு 8 ஓமைத் தொடராகப் போட்டால் 16 ஓம். இந்தக் கணக்கு பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்.

ஸ்பீக்கருக்குப் போகும் வயர் கனமான இரட்டை வயராக இருக்க வேண்டும். கிடார் வயரும் பார்க்க அதே மாதிரி ஜாக்கோடு இருக்கும். ஆனால் உள்ளே மெல்லிய ஷீல்டு வயர். மாற்றிச் செருகாதீர்கள்.

(ஆ) அடுத்து, கரண்ட். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியா? பின்பக்கம் 120 வோல்ட்டா, 230 வோல்ட்டா என்று பாருங்கள். 120 வோல்ட் பெட்டியை நம் லைனில் போட்டால் பியூஸ் போவது நல்ல காலம். பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். கம்பிச் சுருளை முறுக்கிப் போடும் பழக்கம் இங்கே வேண்டாம்.

(இ) கடைசியாக எர்த். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எலெக்ட்ரிக் கிடாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, வயரின் ஷீல்டு வழியாக, ஆம்ப்ளிபயரின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கின்றன. சட்டம் எர்த்தில் இருக்கும்வரை கவலையில்லை. எர்த் அறுந்து, உள்ளே எங்காவது லைன் கசிந்து சட்டத்துக்கு வந்தால், கிடார் கம்பிக்கும் அது வந்துவிடும். அந்த நிலையில் வாசிப்பவர் பாடுவதற்காக மைக்கில் உதட்டை வைக்கிறார். மைக்கோ மிக்ஸர் வழியாக வேறு இடத்தில் நல்ல எர்த்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வயர், மனிதன்தான்! 30 மில்லி ஆம்பியரே உயிருக்கு உலை வைக்கும்.

கற்பனை இல்லை. 1972 மே மாதம் பிரிட்டனில் ஸ்வான்ஸீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிடாரிஸ்ட், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் கண் முன்னால் இறந்தார். 1976-ல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ப், எர்த் இல்லாத எலெக்ட்ரிக் கிடாரால் வீட்டிலேயே இறந்தார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சுற்று வட்டாரத்தில் ஒரு கிராமத்துக் கோயில் பொங்கலில், நான் மைக் செட் வேலைக்குப் போயிருந்த இடத்தில், வேறொரு ஆர்க்கெஸ்ட்ராவின் கிடாரிஸ்ட் மைக்கிலிருந்து உதறி விழுந்தார். அவருடைய ஆம்ப்ளிபயர் பிளக்கில் மேலே இருக்க வேண்டிய பெரிய பின் இல்லை. "உறுமல் சத்தம் வருதுன்னு ஒரு கடையில சொன்னேன். அந்தப் பின்னை வெட்டிவிட்டா சத்தம் நிக்கும்னு வெட்டிக் குடுத்தாங்க" என்றார். உயிர் பிழைத்தார். ஆனால் இடது கை விரல் மரத்துப்போய் அந்தப் பங்குனி சீசன் முழுக்க அவரால் வாசிக்க முடியவில்லை. ஆர்க்கெஸ்ட்ராக்காரருக்குப் பங்குனியும் சித்திரையும்தான் வருஷச் சம்பளம். மூன்று பிள்ளைகள் உள்ள வீடு. ஒரு பித்தளைப் பின்னின் விலை என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஆகவே சாக்கெட்டை அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து:

பேஸ் – நியூட்ரல்: சுமார் 230 வோல்ட்.
பேஸ் – எர்த்: அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு.
நியூட்ரல் – எர்த்: ஓரிரு வோல்ட்டுக்குள்.

பேஸ்-எர்த் அளவு குறைவாகவோ ஆடிக்கொண்டோ இருந்தால் எர்த் இல்லை என்று பொருள். ஜெனரேட்டர் ஓடும் மேடையில் நியூட்ரலை எர்த்தோடு கட்டாமல் விட்டிருந்தாலும் இப்படி ஆடும். அங்கே நாமே கை வைக்காமல் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு பிரேக்கர் ஒன்றை மேடை லைனில் போட்டுவிட்டால் இன்னும் நிம்மதி. எல்லாம் இணைத்த பிறகு, யாரும் கிடாரைத் தோளில் மாட்டும் முன், கிடார் கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் நடுவே ஒருமுறை அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கச்சேரியை ஆரம்பிக்காதீர்கள். கூட்டம் காத்திருக்கட்டும்.

4. ஆன் செய்யும் முறை

1. வால்யூம், மாஸ்டர் குமிழ்களைச் சுழியில் வையுங்கள்.
2. ஸ்பீக்கர் வயர், கிடார் வயர் சரிபாருங்கள்.
3. 'ஸ்டாண்ட்-பை' சுவிட்ச் இருந்தால் அதை ஸ்டாண்ட்-பையில் விட்டு, மெயின் சுவிட்சை மட்டும் போடுங்கள். இழைகள் செம்மஞ்சளாகக் கனியும்.
4. ஒன்று, இரண்டு நிமிடம் பொறுங்கள். அடுப்பு காய்வதற்குள் தோசை ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அது போலத்தான்.
5. ஸ்டாண்ட்-பையை எடுத்துவிட்டு, வால்யூமை மெல்ல ஏற்றுங்கள்.

அணைக்கும்போது வால்யூமைக் குறைத்து, மெயினை அணையுங்கள். சூடான வால்வைத் தொடாதீர்கள். சூட்டோடு பெட்டியைத் தூக்கி வேனில் எறியவும் கூடாது. இழை சூட்டில் இருக்கும்போது அதிர்ச்சி தாங்காது. கால் மணி நேரம் ஆறவிட்டால் வால்வு நாளைக்கும் உழைக்கும். பின்பக்கத்தைச் சுவரோடும் திரைச்சீலையோடும் ஒட்டி வைக்காதீர்கள், காற்று போக வேண்டும்.

5. குமிழ்கள் பேசும் மொழி

பெரும்பாலான பெட்டிகளில் 'கெய்ன்', 'மாஸ்டர்' என்று இரண்டு இருக்கும். கெய்ன் என்பது ப்ரீ ஆம்ப்ளிபயருக்குள் எவ்வளவு சிக்னல் தள்ளுகிறோம் என்பது. மாஸ்டர் என்பது அதிலிருந்து பவர் வால்வுக்கு எவ்வளவு விடுகிறோம் என்பது.

தெளிவான சத்தம் வேண்டுமா? கெய்னைக் குறைத்து மாஸ்டரை ஏற்றுங்கள். கரகரப்பு வேண்டுமா? கெய்னை ஏற்றி மாஸ்டரைக் குறையுங்கள். முதலில் கெய்ன் 3, மாஸ்டர் 5 என்று வைத்து, பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் விட்டு, அங்கிருந்து நகருங்கள்.

டோன் குமிழில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நம் ஹோம் தியேட்டரில் இருப்பதுபோல் நடுவில் வைத்தால் சமநிலை என்று இங்கே கிடையாது. பெண்டர், மார்ஷல் பாணிச் சர்க்யூட்டில் இது வெறும் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும். கூட்டித் தராது, குறைக்க மட்டுமே தெரியும். ஒரு குமிழைத் திருப்பினால் மற்றதன் வேலையும் மாறும். பாஸையும் ட்ரெபிளையும் சுழியில் வைத்து மிடிலை முழுக்க ஏற்றினால்தான் ஓரளவு சமமான சத்தம் வரும் என்பது ஆச்சரியமான உண்மை. தனியாக வீட்டில் வாசிக்கும்போது மிடிலைக் குறைத்தால் காதுக்கு இனிக்கும். ஆனால் மேடையில் கீபோர்டும் தபேலாவும் சேர்ந்தவுடன் கிடார் காணாமல் போய்விடும். கிடாரின் குரல் இருப்பது மிடிலில்தான்.

வாட் கணக்கில் ஏமாறாதீர்கள். 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் வித்தியாசம் 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய, சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். எங்க ஊர்ப் பொங்கல் மேடைக்கு 15 வாட் வால்வுப் பெட்டியும் அதன் முன்னால் ஒரு மைக்கும் தாராளம்.

6. எபெக்ட்ஸ்: எதற்கு முன் எது?

பெடல்களை வரிசையில்லாமல் செருகிவிட்டு "ஆம்ப்ளிபயர் சரியில்லை" என்பவர்கள் அதிகம். சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். குழம்பு கொதிக்கும் முன்பே கொத்தமல்லி தூவினால் வாசம் இருக்குமா? இறக்கும்போது தூவினால்தான் மணம். கரகரப்பு என்பது கொதிப்பது. எக்கோ, ரிவர்ப் என்பவை கொத்தமல்லி.

கரகரப்புக்கு முன்னால் வர வேண்டியவை: ட்யூனர், வா-வா பெடல், கம்ப்ரெசர், ஓவர்டிரைவ் என்ற வரிசை.

கரகரப்புக்குப் பின்னால் வர வேண்டியவை: கோரஸ், டிலே (எக்கோ), ரிவர்ப் என்ற வரிசை.

காரணம் எளிது. எக்கோ போட்ட சிக்னலைக் கரகரக்க வைத்தால், முதல் ஸ்வரமும் அதன் எதிரொலியும் கலந்து வெட்டப்பட்டுக் கூழாகிவிடும். கரகரத்த பிறகு எக்கோ போட்டால் ஒவ்வொரு எதிரொலியும் தனித்தனியாகத் தெளிவாக விழும்.

இப்போது பாருங்கள் சிக்கலை. கரகரப்பு பெடலில் வந்தால் டிலேயை அதற்கு அடுத்துப் போட்டுவிடலாம். கரகரப்பு ஆம்ப்ளிபயரின் ப்ரீ ஆம்ப்ளிபயருக்குள்ளேயே வந்தால்? அதற்குத்தான் பின்பக்கம் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று இரண்டு ஜாக். ப்ரீ ஆம்ப்ளிபயர் முடிந்ததும் சிக்னல் சென்ட் வழியாக வெளியே வந்து, கோரஸ், டிலே, ரிவர்ப் பார்த்துவிட்டு, ரிட்டர்ன் வழியாகப் பவர் வால்வுக்குத் திரும்புகிறது. இதற்குப் பெயர் எபெக்ட்ஸ் லூப். பழைய பெட்டிகளில் இது இருக்காது. அப்போது ஆம்ப்ளிபயரைத் தெளிவான சத்தத்தில் வைத்து, கரகரப்பைப் பெடலில் எடுத்து, டிலேயை அதன் பின்னால் போட்டு, எல்லாவற்றையும் முன்பக்க ஜாக்கிலேயே விடுங்கள்.

எக்கோவின் நேரத்தைப் பாட்டின் தாளத்தோடு பொருத்த ஒரு கணக்கு: 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதால் வகுத்தால் ஒரு தட்டின் நேரம் மில்லி செகண்டில் கிடைக்கும். நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் 600 மில்லி செகண்ட். பாதித் தட்டுக்கு 300. இது பொருந்தாவிட்டால் எக்கோ தாளத்தோடு சண்டை போடும். தபேலாக்காரர் நம்மை முறைப்பார்.

பெடலுக்கான கரண்ட்: பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டி.சி., நடு முனை நெகட்டிவ். நம் வீட்டு அடாப்டர் பலவற்றில் நடு முனை பாசிட்டிவ், ஆகவே பார்க்காமல் செருகக் கூடாது. ஒவ்வொரு பெடலும் எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று கூட்டிப் பாருங்கள். உதாரணமாக 10 + 20 + 60 = 90 என்றால் 200 மில்லி ஆம்பியர் அடாப்டர் வாங்குவது நல்லது. பேட்டரியில் ஓடும் பெடலில் இன்புட் ஜாக்கைச் செருகியதுமே கரண்ட் ஓட ஆரம்பித்துவிடும். வாசித்து முடித்ததும் உருவி வையுங்கள்.

7. மேடையில்

சிலர் ஆம்ப்ளிபயரே வேண்டாம் என்று கரகரப்புப் பெடலை நேராக மிக்ஸரில் செருகுகிறார்கள். சத்தம் குளவிக்கூடு கலைந்ததுபோல் இருக்கும். காரணம், கிடார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் பேசாது. அது ஒரு வடிகட்டி. மேடை ஸ்பீக்கருக்கு அந்த வடிகட்டி கிடையாது. ஆகவே ஆம்ப்ளிபயரை வாசிப்பவர் பின்னால், முழங்கால் உயரத்தில் சற்றுச் சாய்த்து வைத்து, ஒரு டைனமிக் மைக்கை ஸ்பீக்கர் துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நடுப்புள்ளியிலிருந்து கொஞ்சம் விலக்கி நிறுத்துங்கள். நடுவில் வைத்தால் கூர்மை, விளிம்பில் வைத்தால் மென்மை.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள ஊர் என்று நாமும் நினைக்க வேண்டும்.

8. குறைகளும் காரணங்களும்

சத்தமே இல்லை, வால்வும் ஒளிரவில்லை: பியூஸ் அல்லது மெயின் வயர்.

வால்வு ஒளிர்கிறது, சத்தம் இல்லை: ஸ்டாண்ட்-பை, ஸ்பீக்கர் வயர், பிறகு லூப் ஜாக். ஸ்பீக்கர் சந்தேகம் வந்த நொடியே ஆப் செய்துவிட்டுப் பாருங்கள்.

பெட்டியைத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிறது: ப்ரீ வால்வு 'மைக்ரோபோனிக்' ஆகிவிட்டது. பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொன்றையும் மெல்லத் தட்டினால் குற்றவாளி தானே குரல் கொடுப்பான்.

பவர் வால்வின் பிளேட் செந்தணலாகச் சிவக்கிறது: உடனே ஆப். பயாஸ் போய்விட்டது. இழை ஒளிர்வது வேறு, பிளேட் சிவப்பது வேறு. இ.எல்.34-இன் பிளேட் தாங்கும் அளவு 25 வாட். அதில் 70 சதவிகிதம் என்றால் 17.5 வாட். பிளேட்டில் 440 வோல்ட் இருந்தால் சுமார் 40 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓய்வுக் கரண்ட் போகக் கூடாது. இதை அளப்பது அனுபவசாலியின் வேலை.

தொடர்ச்சியான உறுமல்: கிடார் வயர், பெடல் அடாப்டர், பக்கத்து ட்யூப் லைட், சீரியல் செட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஆம்ப்ளிபயரையும் பெடல்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து எடுத்தால் பாதி உறுமல் போய்விடும். எக்காரணம் கொண்டும் எர்த் பின்னில் கை வைக்காதீர்கள். உறுமல் காதைத்தான் உறுத்தும்.

இன்னொரு எச்சரிக்கை. பிளக்கை உருவிவிட்டோம் என்று பெட்டியைத் திறந்து கையை விடாதீர்கள். உள்ளே இருக்கும் பில்டர் கெபாசிட்டர் 50 மைக்ரோ பாரட், 450 வோல்ட் என்றால், அதில் தங்கியிருக்கும் சக்தி சுமார் 5 ஜூல். சில நிறுவனங்கள் அதை வடிக்க ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். 220 கிலோ ஓம் என்றால் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். ரெசிஸ்டர் இல்லாத பெட்டியிலோ, அது போய்விட்ட பெட்டியிலோ, மறுநாள்கூட உதைக்கும். மீட்டரில் அளந்து, வோல்டேஜ் வடிந்துவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகே தொடலாம். பக்கத்தில் ஒரு ஆள் துணைக்கு இருக்க வேண்டும்.

முடிவாக

நண்பர்களே, ஒரு பழைய பெட்டிக்குள் நம் பாடத்திட்டத்தின் பாதி ஒளிந்திருக்கிறது. ரெக்டிபயர், பில்டர், பயாஸ், புஷ்-புல், இம்பீடன்ஸ் மேட்சிங், ஹார்மோனிக்ஸ் எல்லாம் இங்கே கேட்கவும் கண்ணால் பார்க்கவும் கிடைக்கின்றன. ஐ.சி.க்குள் அடைபட்டுப்போன சர்க்யூட்டைப் பிரித்துப் பார்க்க முடியாது. வால்வுப் பெட்டியில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்கள். நாம் படிப்பது பரீட்சைத் தாளோடு முடிந்துவிடக் கூடாது. மைக் செட்காரர், ஆர்க்கெஸ்ட்ராக்காரர், பந்தல்காரர் எல்லோரும் கையனுபவத்தில் நம்மைவிடப் பெரியவர்கள். ஆனால் எர்த் ஏன் வேண்டும் என்று அவர்களுக்குப் புரியும்படி தமிழில் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு. அந்தக் கடன் நம்முடையது.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் காப்புக் கட்டி, மேடை போட்டதும், கையில் மல்டிமீட்டரோடு போங்கள். "அண்ணே, ஒரு நிமிஷம், சாக்கெட்டை அளந்து பாத்துக்குறேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். மூன்று அளவு எடுக்க மூன்று நிமிடம்கூட ஆகாது. எர்த் இல்லையென்றால் விழாக் கமிட்டிப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லி, எர்த் போட்ட பிறகு கச்சேரியை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.